ஒரு லட்சம் ரூபாய், முந்நூற்றைம்பது பிள்ளைகள்: வாசிப்புக்காக எதில் செலவழிக்கலாம்?

முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு லட்சம் ரூபாய் திரட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். படித்த பள்ளியில் இப்போது இருக்கும் பிள்ளைகள் பாடப்புத்தகம் தாண்டி எதையும் தொடுவதில்லை, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எதில் செலவழிப்பது என்று கேட்டதும்தான் வாட்ஸ்அப் குழு சூடாகும். நம் பேட்ச் பெயரில் ஒரு நூலக அறை என்பார் ஒருவர். இந்தக் காலத்தில் யார் காகிதம் புரட்டுகிறார்கள், டேப்லெட் வாங்கிக் கொடுப்போம் என்பார் இன்னொருவர். போட்டி வைத்துப் பரிசு கொடுக்கலாம், புத்தகக் கண்காட்சிக்கு பஸ் வைத்து அழைத்துப் போகலாம், ஊர் நூலகத்தில் எல்லோரையும் உறுப்பினராக்கிவிடலாம் என்று யோசனைகள் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் யாரோ ஒருவர், "வகுப்பிலேயே தினம் கொஞ்ச நேரம் சும்மா படிக்க விட்டால் என்ன?" என்று கேட்பார். அதற்கு ஒரு தம்ஸ் அப்கூட விழாது.

என் ஓட்டு அந்தக் கடைசி யோசனைக்கு. ஆனால் மற்றவை எல்லாம் வீண் என்று தள்ளவும் முடியாது. அவற்றில் இரண்டு நல்ல யோசனைகள், ஒன்று பாதி நல்லது, இரண்டு பணத்துக்குக் கேடு.

கணக்குக்கு வசதியாக, சிற்றூர் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை பத்துப் பிரிவுகள், மொத்தம் 350 பிள்ளைகள். தலைக்கு முந்நூறு ரூபாய்கூட வராது. வருடக் கடைசியில் எத்தனை புத்தகம் வாங்கினோம் என்று பார்ப்பது அளவுகோல் ஆகாது. யாரும் சொல்லாமல் தானாக ஒரு புத்தகத்தை எடுத்து முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் அளவுகோல்.

யாருக்காக இந்தப் பணம்?

இதை முதலில் பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் ஒரு வகுப்பில் மூன்று விதமான பிள்ளைகள் இருப்பார்கள். ஏற்கெனவே படிக்கிற இரண்டு மூன்று பேர். படிக்கத் தெரியும், ஆனால் படிக்காதவர்கள், இவர்கள்தான் பெரும்பாலோர். அப்புறம் கடைசி பெஞ்சில் இருக்கும் மூன்றாவது கூட்டம். பிள்ளைகளின் படிப்பு நிலையை நேரில் சோதித்துப் பார்த்து வெளியிடும் அசர் அறிக்கை, 2023ஆம் ஆண்டில் 14 முதல் 18 வயது வரை உள்ள கிராமப்புறப் பிள்ளைகளைப் பற்றியது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் எடுத்த கணக்கு. அதில் ஏறக்குறையக் கால்வாசிப் பேருக்குத் தங்கள் வட்டார மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைக்கூடச் சரளமாகப் படிக்க வரவில்லை. எந்தத் திட்டம் போட்டாலும் அது இந்தக் கால்வாசியை என்ன செய்யும் என்று ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

செல்போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். பெரும் காரணம், சந்தேகமில்லை. நூலகத்துக்கும் புத்தகக் கடைக்கும் பஞ்சமில்லாத பிரிட்டனிலேயே, நேஷனல் லிட்ரசி டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு 2025இல் கேட்டபோது, 8 முதல் 18 வயது வரையுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்று சொன்னார்கள். ஆனால் நம் ஊரில் போனுக்கு முன்பே பிள்ளையின் நேரத்தை எடுத்துக்கொண்டவை வேறு இருக்கின்றன. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், அதற்குப் பிறகு டியூஷன், சனிக்கிழமை டெஸ்ட். இரவு எட்டரை மணிக்கு வீட்டுக்கு வரும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாவலைப் பிரித்து உட்காரும் என்று எதிர்பார்ப்பது பேராசை. அந்த நேரத்தில் கையில் புத்தகத்தைப் பார்த்தால் "பாடத்தைப் படிக்காமல் இது என்ன கதைப் புத்தகம்?" என்று கேட்கிற பெற்றோரும் நாம்தான்.

பரிசும் டேப்லெட்டும்

பணத்துக்குக் கேடு என்று சொன்னவை இவை இரண்டும்.

போட்டி வைத்தால் யார் ஜெயிப்பார் என்று அறிவிப்பு வரும் முன்பே வகுப்புக்குத் தெரியும். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, புத்தக விமர்சனப் போட்டி எல்லாவற்றிலும் அதே நான்கு பேர்தான் மேடை ஏறுவார்கள். மற்ற 346 பேருக்கு அது கைதட்டும் நிகழ்ச்சி. வாங்கிய பரிசும் பெரும்பாலும் ஒரு புத்தகம்தான். அட்டையின் உட்பக்கம் பள்ளி முத்திரையும் தலைமையாசிரியர் கையெழுத்தும் இருக்கும், ஷோகேஸில் நிற்கும், பக்கம் புரண்டிருக்காது.

சரி, எல்லோருக்கும் பரிசு என்றால்? பத்துப் புத்தகம் படித்தால் ஒரு பேனா, இருபது படித்தால் ஒரு பை என்று? இங்கே 1973இல் அமெரிக்காவில் உளவியலாளர் மார்க் லெப்பரும் இரண்டு சகாக்களும் செய்த பரிசோதனையை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் இயல்பாகவே ஆசை உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாள் கழித்துப் பேனாவைச் சும்மா வைத்துவிட்டுப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவுக்குத்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று கொடுத்த சான்றிதழ் ஆசையைக் குறைக்கவில்லை. அவர்கள் சின்னக் குழந்தைகள், நம் பிள்ளைகள் பதினைந்து வயது, அப்படியே பொருத்த முடியாது. ஏற்கெனவே ஆசை இல்லாதவனை முதல் புத்தகம் தொட வைக்க ஒரு சின்னப் பரிசு உதவலாம் என்றும் வாதிடலாம். ஆனால் எண்ணிக்கைக்குப் பரிசு என்று அறிவித்த மறுநாளே பிள்ளைகள் மெல்லிய புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள், பின்னட்டையைப் படித்துவிட்டு முடித்துவிட்டேன் என்பார்கள். புத்திசாலித்தனமான பிள்ளைகள் வேறு என்ன செய்யும்?

டேப்லெட் கணக்கு இன்னும் சுருக்கம். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒன்று என்றால் பத்து வரும். முப்பத்தைந்து பேருக்கு ஒன்று. அது தலைமையாசிரியர் அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் மின்னூல் யோசனையையே தூக்கிப் போட வேண்டாம். மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாக இணையத்தில் ஏற்றி வருகிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் என்ற இலவச இணையதளத்தில் தமிழில் படக்கதைகள் கிடைக்கின்றன. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுக்கு உரிமைத்தொகைச் சிக்கல் இல்லை. இவற்றுக்கு நம் ஒரு லட்சம் தேவையே இல்லை. சுட்டியை அனுப்பினால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவது, படிக்க எடுத்த போனிலேயே எல்லாக் கவனச்சிதறலும் இருக்கிறது. இரண்டாவது, போன் யார் கையில் இருக்கிறது என்பது. அதே அசர் அறிக்கையின்படி, ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதம் பேரிடமும், பெண்களில் 19.8 சதவீதம் பேரிடமும்தான் சொந்தப் போன் இருக்கிறது. போனை நம்பித் திட்டம் போட்டால் அண்ணனுக்குக் கிடைக்கும், தங்கைக்குக் கிடைக்காது.

நூலக அறையும் பூட்டிய பீரோவும்

நூலக அறை கட்டுவது கேட்க நன்றாக இருக்கும். பெயர்ப்பலகை வைக்கலாம், திறப்பு விழா நடத்தலாம், போட்டோ எடுக்கலாம். ஒரு லட்சத்தில் அறை கட்ட முடியாது என்பதால், இருக்கும் அறைக்கு வெள்ளையடித்து, மேசை நாற்காலி போட்டு, மிச்சத்தில் புத்தகம் வாங்குவதுதான் நடக்கும்.

இப்போது பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்பது என்ன? எச்.எம். அறையிலோ ஆய்வகத்தின் மூலையிலோ நிற்கும் இரண்டு மூன்று இரும்பு பீரோ. சாவி தமிழாசிரியரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ இருக்கும், ஏனென்றால் நூலகர் பணியிடம் கிடையாது, யாராவது ஒருவர் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். திறந்தால் உள்ளே நல்ல புத்தகங்களே இருக்கும். முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி எண் எழுதிய புத்தகங்கள், பல வருடமாகத் திறக்காததால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் சரசரவென்று சத்தம் வரும். ஏன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று கேட்டால் ஆசிரியர் ஸ்டாக் ரெஜிஸ்டரைக் காட்டுவார். தணிக்கையின்போது ஒரு புத்தகம் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், சில சமயம் கைக்காசும் போட வேண்டும். புத்தகத்தைக் கொடுக்காமலே இருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் பூட்டித்தான் வைப்பார்கள்.

இந்தப் பயத்தைத் தீர்க்காமல் நாம் இன்னும் இருநூறு புத்தகம் வாங்கிக் கொடுத்தால், இன்னும் இருநூறு புத்தகம் பூட்டப்படும். அதோடு, முன்னாள் மாணவர்கள் தேர்ந்தெடுக்கும் புத்தகங்கள் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்ததே. தன்னம்பிக்கை நூல்கள், தலைவர்கள் வரலாறு, பொது அறிவுக் களஞ்சியம், இன்னொரு திருக்குறள் உரை. பதினான்கு வயதில் நாமே எடுத்திருக்க மாட்டோம்.

நூலகப் பாடவேளை வாரம் ஒன்று அட்டவணையில் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் அதைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆக, இது பாதி நல்ல யோசனை. புத்தகம் வேண்டும், அறை வேண்டாம், பூட்டு கண்டிப்பாக வேண்டாம்.

ஊர் நூலகம்

இதுதான் எல்லாவற்றிலும் மலிவானது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவில் மாநில அளவில் இப்படி வந்த முதல் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். அதாவது கிளை நூலகத்துக்கும் ஊர்ப்புற நூலகத்துக்கும் நாம் ஏற்கெனவே பணம் கொடுத்தாயிற்று. உறுப்பினராகச் சொற்பக் காப்புத்தொகை, சொற்ப ஆண்டுச் சந்தா. 350 பேரையும் சேர்த்தாலும் ஒரு லட்சத்தில் சிறு பங்குதான் போகும். மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமோ, 2010 முதல் கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகமோ பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு யோகம்தான். குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி, ஏ.சி., லிஃப்ட் எல்லாம் உண்டு. அங்கே ஒரு நாள் கூட்டிப் போய்க் காட்டுவதே பெரிய விஷயம்.

சிற்றூர் கிளை நூலகத்தின் நிலைமை வேறு. மேசைகளில் டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகும் அண்ணன்களும் அக்காக்களும் காலையிலேயே இடம் பிடித்துவிடுவார்கள். அவர்களுக்கும் வேறு போக்கிடம் இல்லை, குறை சொல்லக் கூடாது. சிறுவர் அலமாரியில் படக்கதையும் நீதிக்கதையும் இருக்கும், பெரியவர் அலமாரியில் நாவலும் ஜோதிடமும் இருக்கும். பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் நடுவில் இருப்பவருக்கு என்று ஒரு தட்டு இருக்காது. வெள்ளிக்கிழமை விடுமுறை. பள்ளியும் ஸ்பெஷல் கிளாஸும் முடிந்து போய்ச் சேர்வதற்குள் கதவு சாத்துகிற நேரம் ஆகிவிடும். பெண் பிள்ளை என்றால், இருட்டுகிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற நூலகத்துக்குத் தனியாக அனுப்ப எத்தனை வீடு சம்மதிக்கும்?

நம் ஊர் நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். ஆட்கள் நூலகத்துக்கு வர மாட்டார்கள், நூலகம்தான் ஆட்களிடம் போக வேண்டும் என்பது தொண்ணூறு வருடத்துக்கு முன்பே புரிந்திருக்கிறது. இப்போது அரசின் நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் எடுத்துப் போகிறார்கள். உங்கள் ஊர் நூலகர் ஒத்துழைப்பவராக இருந்தால் மாதம் ஒருமுறை ஒரு பை நிறையப் புத்தகம் பள்ளிக்கு வர வழி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சில ஊர்களில் வாசகர் வட்டத்துக்காரர்களே முன்னின்று செய்து கொடுப்பார்கள்.

நல்ல யோசனை, ஆனால் துணைக்கு. இதை மட்டுமே நம்பினால், ஏற்கெனவே படிக்கிற இரண்டு மூன்று பேர்தான் போவார்கள்.

புத்தகக் கண்காட்சிக் கூப்பன்

எனக்கு மிகவும் ஆசை இதன் மேல்தான். சென்னையில் 1977 முதல் நடக்கிறது, ஈரோட்டில் 2005 முதல் ஆகஸ்ட்டில் திருவிழாவாகவே நடக்கிறது, இப்போது அரசே முன்னின்று எல்லா மாவட்டங்களிலும் நடத்துகிறது. முன்பெல்லாம் சென்னைக்குப் போனால்தான் என்று இருந்தது மாறிவிட்டது. பிள்ளைக்கு 250 ரூபாய்க் கூப்பன் என்றால் 350 பேருக்கு 87,500. மிச்சம் பஸ் வாடகை. சரியாகப் போய்விடும்.

இதன் பலம், தேர்ந்தெடுப்பது பிள்ளை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் காசு என்று நினைத்து ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, விலை பார்த்து, திரும்ப வைத்து, இன்னொன்றை எடுக்கிற அனுபவம் சாதாரணமானதல்ல. கண்காட்சிக்குச் சில மாதம் முன்பே உண்டியல் கொடுத்துச் சேமிக்கச் சொல்கிற வழக்கமும் உண்டு. அதையும் சேர்த்துக்கொண்டால் கூப்பனோடு கைக்காசும் இருக்கும்.

பலவீனம், ஒரே நாளில் முடிந்துவிடும். 250 ரூபாய்க்கு இன்றைய விலையில் நடுத்தரப் புத்தகம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அப்புறம் அரங்கில் நடப்பது ஒன்று இருக்கிறது. வரிசையாக நிற்க வைத்து, ஓட்டமாக ஒரு சுற்று, "அதெல்லாம் வேண்டாம், இந்த கிராமர் புத்தகம் வாங்கு, பரீட்சைக்கு உதவும்" என்று கூட வந்த ஆசிரியர் சொல்ல, பேய்க்கதையைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளை கிராமர் புத்தகத்தோடு பஸ் ஏறும். அந்த ஒரு வாக்கியத்தில் 250 ரூபாயும் போயிற்று.

கூப்பன் கொடுத்தால் இரண்டு நிபந்தனை போடுங்கள். பெரியவர்கள் யாரும் வாங்கும்போது வாய் திறக்கக் கூடாது. வாங்கிய புத்தகத்தைப் படித்ததும் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து பேர் முப்பத்தைந்து விதமான புத்தகம் வாங்கினால் அந்த வகுப்புக்கு அன்றே ஒரு நூலகம் வந்துவிட்டது.

தினம் பதினைந்து நிமிடம்

1988இல் ஜப்பானில், சிபா மாநிலத்தில், ஃபுனபாஷி நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியர் காலையில் வகுப்பு தொடங்கும் முன் பத்து நிமிடம் படிக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். நான்கே விதி. எல்லோரும் படிப்பது, ஆசிரியர் உட்பட. தினமும் படிப்பது. பிடித்த புத்தகத்தைப் படிப்பது. படிப்பது மட்டும்தான், அதைப் பற்றி எழுதவோ ஒப்பிக்கவோ வேண்டியதில்லை. இன்று அந்த நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் இது நடக்கிறது.

நம் பள்ளிக்கு இதைப் பதினைந்து நிமிடமாக வைத்து ஒரு கணக்குப் போடுகிறேன். 200 வேலை நாள் என்றால் 3,000 நிமிடம், அதாவது 50 மணி நேரம். மெதுவாகப் படிக்கிறவர், பக்கத்துக்கு இரண்டு நிமிடம் எடுத்துக்கொள்கிறவர்கூட 1,500 பக்கம் படித்துவிடுவார். 150 பக்கப் புத்தகம் பத்து. பாடப்புத்தகம் தவிர வருடத்துக்கு ஒன்றுகூடப் படிக்காத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பாய்ச்சல்! செலவோ, நேரத்துக்குப் பூஜ்ஜியம்.

எந்த நேரம் என்பதில் எனக்கு ஒரு கட்சி உண்டு: மதிய உணவு முடிந்து முதல் மணி அடித்ததும். காலையை ஸ்பெஷல் கிளாஸ்காரர்கள் விட மாட்டார்கள். மதியம் முதல் பாடவேளையில் எப்படியும் பாதி வகுப்பு தூங்கி வழியும், ஆசிரியருக்கும் பெரிய நஷ்டமில்லை.

முதல் இரண்டு வாரம் பார்க்கச் சகிக்காது. புத்தகத்தை மேசையில் நிறுத்தி வைத்துப் பின்னால் பேசுவார்கள். ஒருவன் ஒரே பக்கத்தைப் பதினைந்து நிமிடமும் பார்த்துக்கொண்டிருப்பான். நான்கு பேர் ஒரு காமிக்ஸுக்குள் தலையை விட்டுச் சிரிப்பார்கள். இங்கேதான் பொறுமை வேண்டும், இங்கேதான் பல பள்ளிகளில் திட்டம் செத்துப்போகிறது, ஏனென்றால் யாராவது ஒருவர் "சும்மா விட்டால் படிக்க மாட்டார்கள், தினம் ஐந்து வரி எழுதி வரச் சொல்லுங்கள்" என்று ஆரம்பிப்பார். எழுதச் சொன்ன அன்றே அது இன்னொரு வீட்டுப்பாடம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே பிள்ளை என்ன எழுதுவது என்று யோசிக்கும்.

அதேபோல, ஆசிரியர் அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தக் கூடாது. அவரும் ஒரு புத்தகத்தைப் பிரித்து உட்கார வேண்டும். வார இதழோ, கவிதையோ, சமையல் புத்தகமோ, எதுவானாலும் சரி. கணக்கு சார் ஏதோ படித்துவிட்டுத் தனக்குள் சிரிப்பதைப் பார்த்தால் "சார், அது என்ன புத்தகம்?" என்று கேட்க ஒருவனாவது இருப்பான். வீட்டில் புத்தகம் படிக்கும் பெரியவரைப் பார்த்தே இராத பிள்ளைகள் நிறையப் பேர்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, அது வலுவானதுதான். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000இல் வெளியிட்ட அறிக்கை, மௌனமாகத் தானாகப் படிக்க விடுவது வாசிப்புத் திறனை உயர்த்துகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. தீங்கு என்று சொல்லவில்லை, நிரூபணம் போதாது என்றது. நான் இதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: படிக்கத் தெரிந்தவருக்குப் பழக்கம் வர இது போதும், எழுத்துக்கூட்டுகிறவருக்குத் திறன் வர இது மட்டும் போதாது.

கடைசி பெஞ்சுக்கு

அந்தக் கால்வாசியைப் பற்றித்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு 150 பக்க நாவலைக் கொடுத்து உட்கார வைத்தால் தினம் பதினைந்து நிமிடம் தண்டனை கொடுத்தது போலத்தான். அவன் நிலைக்கு ஏற்ற புத்தகம் இல்லாமல் இல்லை. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023இல் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. சில வரிகளே உள்ள 'நுழை'யில் தொடங்கிப் படிப்படியாக ஏறலாம். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குத் தேன்சிட்டு என்ற இதழும் பள்ளிக்கே வருகிறது. இவை பீரோவுக்குள் இல்லாமல் வெளியே இருக்கின்றனவா என்று முதலில் விசாரியுங்கள்.

ஆனால் மீசை அரும்புகிற வயதில், நண்பர்கள் நடுவில், பெரிய எழுத்துப் படப்புத்தகத்தை யார் கையில் எடுப்பார்கள்? மானப் பிரச்சினை. அதனால் இவற்றைத் தனித் தட்டில் "மெதுவாகப் படிப்பவர்களுக்கு" என்று எழுதி வைத்தால் ஒருவரும் தொட மாட்டார்கள். எல்லாப் புத்தகத்தோடும் கலந்து வைக்க வேண்டும். நன்றாகப் படிக்கிற பெண்ணும் நடுநடுவே அதை எடுத்துப் புரட்டிச் சிரித்தால்தான் மற்றவனுக்கும் எடுக்கத் துணிச்சல் வரும். காமிக்ஸ் இந்த இடத்தில் கைகொடுக்கும். எழுத்து குறைவு, ஆனால் அதைப் படிப்பதில் யாருக்கும் வெட்கம் இல்லை. சிவகாசியிலிருந்து 1972 முதல் வரும் முத்து காமிக்ஸும் 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் இன்று பள்ளிப் பையனின் பாக்கெட் மணிக்கு எட்டாத விலை. வகுப்புக்குப் பொதுவாக வாங்கினால் எட்டும். கிரிக்கெட் பத்திரிகை, பைக் பற்றிய இதழ், விடுகதை எல்லாம் வாசிப்புத்தான். இலக்கியம் அப்புறம் வரட்டும்.

இதோடு, வாரத்தில் இரண்டு நாளாவது யாராவது ஒருவர் இந்தப் பிள்ளைகளோடு ஒதுக்குப்புறமாக உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஊரில் இருக்கும் முன்னாள் மாணவர் எவரேனும் ஓய்வாக இருந்தால் பணத்தை விட இதுதான் பெரிய நன்கொடை.

என்றால் பணத்தை எப்படிப் பிரிப்பது?

என் கையில் கொடுத்தால் இப்படிச் செய்வேன். ஒரு பிரிவுக்கு நாற்பது புத்தகம், பத்துப் பிரிவுக்கு நானூறு. அறுபது ரூபாய்ப் புத்தகமும் முந்நூறு ரூபாய்ப் புத்தகமும் கலந்து சராசரி 150 என்றால் 60,000. வகுப்புக்கு ஒரு திறந்த அலமாரி, கண்ணாடியும் பூட்டும் இல்லாமல், உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்தால் 2,000 வீதம் 20,000. மீதி 20,000இல் பாதி இதழ்களுக்கு. மறுபாதி தொலைவதற்கும் கிழிவதற்கும் என்று வெளிப்படையாகவே ஒதுக்கிவிட வேண்டும். இந்தப் புத்தகங்கள் பள்ளியின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறாமல் முன்னாள் மாணவர் சங்கத்தின் பெயரிலேயே இருக்கட்டும். காணாமல் போனால் எந்த ஆசிரியரும் பதில் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாற்பதில் பத்து புத்தகம் வருடத்தில் தொலைந்தால் பத்து பேருக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நானூறு புத்தகத்தையும் தேர்ந்தெடுப்பது யார்? இங்கேதான் கண்காட்சி யோசனையைச் சேர்த்துக்கொள்கிறேன். பிரிவுக்கு இரண்டு பேர், மொத்தம் இருபது பிள்ளைகள். ஒருவர் படிக்கிற பிள்ளை, இன்னொருவர் படிக்காத பிள்ளை என்று இருக்க வேண்டும். இது முக்கியம், ஏனென்றால் படிக்காத பிள்ளை எடுக்கும் புத்தகத்தைத்தான் மற்ற படிக்காத பிள்ளைகளும் எடுப்பார்கள். இவர்களை ஒரு வேனில் மாவட்டக் கண்காட்சிக்கு அழைத்துப் போய், வகுப்பு சொன்ன பட்டியலோடு அரங்கில் விட்டுவிடுங்கள். பத்து சதவீதத் தள்ளுபடி எல்லோருக்கும் உண்டு, மொத்தமாக வாங்குவதால் இன்னும் கொஞ்சம் பேசிக் குறைக்கலாம், வேன் வாடகை அதில் வந்துவிடும்.

நானூறையும் ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டாம். பாதிப் பணத்தை அரையாண்டு வரை கையில் வைத்திருங்கள். எந்தப் புத்தகம் கை மாறி மாறி முனை மடங்கியிருக்கிறது, எது புதுசாகவே நிற்கிறது என்று அதற்குள் தெரிந்துவிடும்.

பிளஸ் டூ வகுப்பை இதில் சேர்ப்பதா என்பதில் எனக்கே பெரிய நம்பிக்கை இல்லை. ஜனவரிக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் பதினைந்து நிமிடத்தைக் காப்பாற்ற எந்தத் தலைமையாசிரியராலும் முடியாது. எட்டு, ஒன்பது, பிளஸ் ஒன்னில் முழுப் பலத்தையும் போட்டு, பத்துக்கும் பிளஸ் டூவுக்கும் டிசம்பர் வரை என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

இவ்வளவும் எச்.எம். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் தர ஒப்புக்கொண்டால்தான். ஒரு ரூபாய்கூடச் செலவழிப்பதற்கு முன் அதைக் கேட்டு, ஆசிரியர் கூட்டத்திலும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசி முடித்துக்கொள்ளுங்கள். நேரம் கிடையாது என்று சொல்லிவிட்டால் அலமாரி வாங்காதீர்கள், புத்தகம் வாங்கிப் பள்ளியில் வைக்காதீர்கள். பணத்தைக் கூப்பனாக மாற்றிப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். புத்தகமாவது வீட்டுக்குப் போய்ச் சேரும்.